பவளராணி அக்காவின் வாக்கு

பவளராணி அக்கா கோப்பிக்கு மூன்று கரண்டி சீனி போடுவார். அதை ஒன்றாகக் குறைத்தது நான். பொலிஸ் வாக்குமூலத்தில், அவர்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று எழுதப் போகிறீர்கள் என்றால், முதலில் இதை எழுதுங்கள்.

என் பெயர் செல்வமலர். டென்மார்க்கில், இந்தப் பிராண்டே ஊரில், இருபத்தாறு வருடமாக வீடு வீடாய்ப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறேன். இந்த ஊரில் பாதிக் கிழடுகளின் முதுகு எனக்குத் தெரியும். என் மகள் நிலக்சி நகரசபைத் தேர்தலில் நின்றபோதுதான் என்னை ஒருத்தருக்கும் தெரியாமல் போனது. போனமுறை மூன்று வாக்கால் தோற்றாள். அன்றைக்கு அவள் சப்பாத்தோடு கட்டிலில் விழுந்து கிடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இந்தமுறை ஒரு வாக்கையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பவளராணி அக்காவுக்கு நடக்க ஏலாது. அப்படிப்பட்டவர்களின் வீட்டுக்குத் தேர்தலுக்கு முன்பே நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்து, வாக்கை வாங்கி, உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு போவார்கள். அந்த வாக்கில் ஆளின் பெயரைக் கைப்பட எழுத வேண்டும். விண்ணப்பம் போட்டது நான். மகளின் பெயரை டெனிஷ் எழுத்தில் எழுத ஒரு மாதம் பழக்கியதும் நான். கட்டாயப்படுத்தவில்லை. "உன்ரை பெட்டைக்குப் போடாமல் ஆருக்கடி போடப்போறன்?" என்று அவரே சிரித்தார்.

தேர்தலுக்கு முந்திய வியாழன், பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஒன்பதேகாலுக்கு அக்காவுக்கு நெஞ்சு நோகத் தொடங்கியது. இடது கை விறைக்குது என்றார். வியர்த்துக் கொட்டியது. அது என்ன நோவென்று எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் பயிற்சி தந்திருக்கிறார்கள்.

"அம்புலன்ஸுக்கு அடி பிள்ளை."

"அடிக்கிறன் அக்கா. அவையள் வந்திட்டுப் போகட்டும்."

முகத்தைத் துடைத்து, தலை இழுத்து, பொட்டு வைத்துவிட்டேன். கழுத்தில் தொங்கிய அவசர அழைப்புப் பொத்தானைக் கழற்றி, தொலைபேசியோடு என் பையில் வைத்தேன். அம்புலன்ஸ் வாசலில் நின்றால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். பிறகு எங்கே இன்னொரு நாள் கேட்பது? முக்கால் மணித்தியாலம்தானே.

வந்தவர்களிடம் தடிமன் காய்ச்சல் என்றேன். அக்காவுக்கு டெனிஷ் வராது. வந்த பெண்ணின் கையைப் பிடித்து, "அம்புலன்ஸ் வேணும் பிள்ளை, அம்புலன்ஸ்" என்று கெஞ்சினார். அந்த ஒரு சொல் அவளுக்கும் விளங்கியது. என்னைப் பார்த்தாள்.

"அம்புலன்ஸ் சேவையைக் குறைக்கக் கூடாதாம். அதற்காகத்தான் வாக்குப் போடுகிறாராம்" என்று டெனிஷில் சொன்னேன். அவள் அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அக்காவிடம், எழுதி முடித்தால் அம்புலன்ஸ் வரும் என்றேன். எழுதினார். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை.

அவர்கள் போனதும் பத்து இருபத்திரண்டுக்கு அழைத்தேன். அம்புலன்ஸிலேயே உயிர் போய்விட்டது. கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். வாக்கு வாங்க வந்தவர்கள் போன பிறகே நோ தொடங்கியது என்று முதலில் உங்களுக்குச் சொன்னேன். அது பொய். தெரிந்துதான் தாமதித்தேன். வேண்டுமானால் இன்னொருமுறையும் செய்வேன்.

நிலக்சி அறுபத்தொரு வாக்கால் வென்றாள். இப்போது என் அழைப்பை எடுக்கிறாளில்லை. கோபம் ஆறினால் எடுப்பாள், அவள் என் பிள்ளை.

ஆனால் நேற்று நீங்கள் சொன்னீர்களே, தேர்தல் நாளுக்கு முன் இறந்தவரின் வாக்கு செல்லாதாம், அக்காவின் உறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிட்டார்களாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உயிரோடு இருந்த மனுசி, இரண்டு பேருக்கு முன்னால், தன் கைப்பட எழுதிக் கொடுத்தது. ஒரு வயதுபோன மனுசியின் கடைசி விருப்பத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட, உங்களுக்கெல்லாம் எப்படி மனம் வந்தது?