வெட்டாத மோச்சி

மோச்சியைச் சின்னதாக வெட்டினால் ருசி போய்விடும் என்பது என் மாமனார் கிஹேயின் கட்சி. இடித்த அரிசியில் செய்யும் அந்த ஒட்டும் பண்டம் இல்லாமல் எங்கள் ஒகசாகியில் புத்தாண்டு சூப் கிடையாது. வயதானவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் என்பதால், அவருக்கு மட்டும் நகக்கண் அளவுக்கு வெட்டித்தான் போடுவேன்.

அவர் தொடங்கிய பம்ப் கம்பெனிக்கு என் கணவர் மிட்சுனோரி தலைவர். சில வருடமாகவே நஷ்டம். டோக்கியோவிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கிக் குவித்து, தலைவரை மாற்றச் சொல்லிக் குடைந்துகொண்டிருந்தது. மாமனாரின் பங்குகள் எங்கள் பக்கம் இருக்கும்வரை கவலையில்லை.

புத்தாண்டுக் காலையில் கணவர் கோயிலுக்குப் போயிருந்தார். மாமனார் சூப்புக்குக் காத்திருந்தார்.

"சயோகோ, ஜூன் மாசப் பங்குதாரர் கூட்டத்துல என் ஓட்டு டோக்கியோக்காரங்களுக்குத்தாம்மா."

"பெத்த புள்ளையவே இறக்கி விடுவீங்களா, மாமா?"

"அவனுக்கு பம்பும் தெரியாது, வியாபாரமும் தெரியாது. நாற்காலியத் தேய்க்கத்தான் தெரியும். அவங்க கேக்கறது நியாயம். சரி, இந்த வருஷமாவது மோச்சிய முழுசாப் போடு. குருவிக்கா தீனி போடற?"

எனக்குக் கோபம் வரவில்லை. பயமாக இருந்தது. அந்த நாற்காலி போனால் என் கணவருக்குச் சோறு இறங்காது. பெரியவர் வாய்விட்டுக் கேட்டதை மறுப்பதும் முறையில்லை. முழுசாகவே போட்டேன். பக்கத்தில் வழக்கமாக வைக்கும் தேநீரை வைக்கவில்லை.

அவர் மேசையைத் தட்டினார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தில் மிச்சம் வைக்கக்கூடாது என்று எனக்குப் பழக்கியதே அவர்தான். என் சூப்பைக் குடித்து முடித்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். வந்தவர்கள், புத்தாண்டு என்றாலே இப்படி நடப்பதுதான் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இறந்தவர் சொத்துக்குக் கட்டும் வாரிசு வரியை மட்டும் நான் யோசிக்கவில்லை. அதைக் கட்ட மாமனாரின் பங்குகளில் பெரும்பகுதியை விற்க வேண்டிவந்தது. வாங்கியது டோக்கியோக்காரர்கள்.

ஜூன் கூட்டத்தில் வழக்கம்போல் பங்கு வைத்திருக்கும் எங்கள் ஊழியர்களை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தோம். எந்தத் தீர்மானம் வாசித்தாலும் ஆமோதித்துக் குரல் கொடுக்க அவர்களைப் பழக்கியிருந்தோம். என் கணவரை நீக்கும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. பழக்க தோஷம், அதற்கும் ஒரே குரலில் "ஆட்சேபணை இல்லை" என்றார்கள்.

அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் பேசினாலும் திரும்புவதில்லை. இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்பதால்தான் ஐயா, உங்கள் ஸ்டேஷனுக்கு நானே வந்தேன். மாமாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்தக் கூட்டத்தில் மாமா மட்டும் இருந்திருந்தால், எங்களை இப்படிக் கைவிட்டிருக்க மாட்டார்.