சாகாத பெரியப்பாவின் துடக்கு

பெயர்: கனகசபை பாலசிங்கம். வயது: 90. தொழில்: இளைப்பாறிய கணித ஆசிரியர். விலாசம்: கரம்பொன் கிழக்கு, ஊர்காவற்றுறை.

எனது வீட்டைத் திருத்த வந்த மேசன் வசீகரன், அலுமாரியில் இருந்த வெள்ளிக் கிண்ணத்தில் புரியாத எழுத்துகளைக் கண்டு, புராதனப் பொருள் என நினைத்துப் பொலிசில் அறிவித்தார். அவரில் குற்றமில்லை. கிண்ணம் இப்போது நிலையத்தில் இருக்கிறது. அது என்னுடையது அல்ல. அது என்னிடம் வந்த விதத்தைச் சொல்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஆதலால் சில விபரங்களில் தவறு இருக்கலாம்.

1943இல் ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கப்பூரில் எனது தகப்பனார் புகையிரத இலிகிதராக இருந்தார். அவ்வருடம் யூதரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அயலில் இருந்த திருமதி எஸ்றா என்னும் யூதப் பெண், நான்கு வயது மகள் சீமாவுடன் எமது வீட்டுக்கு வந்தார். எனது தாயார் மீனாம்பிகை இருவரையும் சாமியறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். அதன் பின் வாசலில் நின்று, மலாயாவில், தைப்பிங்கில் எனது பெரியப்பா இறந்துவிட்டார் என்று அயலுக்குச் சொன்னார். எங்கள் வழக்கப்படி துடக்கு வீட்டில், அதாவது சாவுத் தீட்டு உள்ள வீட்டில், முப்பத்தொரு நாள் சாமியறை திறப்பதில்லை. பிறர் அங்கே தண்ணீரும் குடிப்பதில்லை.

நான்காம் நாள் இரண்டு சிப்பாய்களுடன் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவர் எமது ஊருக்கு அயல் தீவான புங்குடுதீவு, இறுப்பிட்டியைச் சேர்ந்தவர்.

"துடக்கு வீடோ அக்கா?"

"ஓம் தம்பி. இவரின்ரை தமையன் மோசம் போயிட்டார். உள்ளை வாருமன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"வேண்டாமக்கா. நாளைக்கு எனக்குக் கோயில் இருக்கு."

அந்நேரம் சாமியறைக்குள் சீமா தும்மினாள். நான் உடனே எனது மூக்கைத் துடைத்தேன். அது துணிச்சலா, பயத்தில் நடந்ததா என்பது எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். "பெடியனுக்குத் தடிமன் போலை. கவனியுங்கோ" என்றார். படி ஏறாமலே சிப்பாய்களிடம் ஏதோ சொல்லி அழைத்துச் சென்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று என்னால் கூற இயலாது.

துடக்கு முடிய, அம்மா ஈப்போவில் ஒரு சித்தப்பாவைச் சாகவைத்தார். அதன் பின் சிரம்பானில் மற்றவரை. "இனிச் சாகிறதுக்கு நான்தான் மிச்சம்" என்றார் தகப்பனார். அதன் பின் தேடுதல் குறைந்தது. யுத்தம் முடிந்ததும் தாயும் மகளும் அவசரமாகக் கப்பலேறினார்கள். அவர்களது வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் கிண்ணம் சாமியறையில் தங்கிவிட்டது. அம்மா எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. நாங்கள் கரம்பொனுக்குத் திரும்பியபோது கிண்ணமும் கூட வந்தது. அவர் இறக்கும்வரை வெள்ளிக்கிழமைகளில் அதைத் திருநீறு போட்டு மினுக்கினார். அதன் பின் நான்.

சென்ற மாதம் பத்திரிகையில் கிண்ணத்தின் படம் வந்தது. அதன் பின் மெல்பேர்னிலிருந்து எண்பத்தாறு வயதுப் பெண் ஒருவர் தொலைபேசியில் பேசினார். நீங்கள் சீமா என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "துடக்கு" என்றார். தமிழில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். வரும் தை மாதம் பேத்தியின் கல்யாணத்தில் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்றார். விசாரணை முடியும்வரை இங்கே இருந்தால் அது அவரது காலத்துக்குள் போய்ச் சேராது. ஆகவே வெள்ளிக்கிழமை வந்திறங்கும் அவரது அந்தப் பேத்தியிடம் அதை ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பெரியப்பா 1943இல் இறந்தார் என எழுதப்பட்டிருந்த வரியை வெட்டுவித்தேன். அவரும் ஊர் திரும்பி 1971 வரை கரம்பொனில் உயிருடன் இருந்தார். தனது துடக்குக்கு யார் யார் வந்தார்கள் என்று அம்மாவிடம் அடிக்கடி விசாரிப்பார். அம்மா சொன்னவற்றைத் தவிர இதில் பொய் எதுவும் இல்லையெனக் கூறி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. பாலசிங்கம்