அலுமாரிக்குள்ள ஒரு கனடாக் குளிர்

...பிணைச்சல் உக்கிப்போச்சுதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ வீரபாகு அண்ணை. பிணைச்சலில பிழையில்ல. மரத்திலயும் பிழையில்ல. போன வருசம் இதே அலுமாரிக் கதவுக்கு உங்கட கையாலதானே புதுப் பிணைச்சல் போட்டனீங்கள்? வடிவாத்தான் போட்டனீங்கள். உள்ளுக்க இருக்கிறதுதான் பிழை. மற்றக் கதவைத் திறவுங்கோ பாப்பம். மெல்ல... மெல்ல! ஐயோ... நான் சொன்னனான்தானே மெல்ல எண்டு.

நோகேல்லத்தானே? பஞ்சு வைச்ச கோட்டு, தலையில விழுந்தாலும் நோகாது. போன மாசம் எங்கட மனுசன் செல்வராசாவின்ர தலையில ஏழு விழுந்தது. மனுசன் அசையாம நிண்டார். கழண்ட கதவைக் கையில பிடிச்சுக்கொண்டு, 'ஜெயரூபி, வீரபாகு அண்ணைக்குச் சொல்லிவிடு' எண்டார். அவ்வளவுதான். விழுந்ததுகளைத் தூக்கி அந்தக் கட்டிலில போடுங்கோ. கதிரையில வேண்டாம், கதிரையில இருந்தது இப்ப கட்டிலில கிடக்கு, பிறகு எங்க இருக்கிறது?

ஓம், குளிர்ச்சட்டைதான். நாப்பத்தாறு. எண்ணினனான். இந்த வட்டக்கச்சி வெயிலில, பங்குனி மாசத்தில. நீங்கள் படலையில சைக்கிளை விட்டிட்டு வீட்டுக்க வாறதுக்கிடையில சேட் நனைஞ்சு முதுகோட ஒட்டிப்போச்சு, பாத்தனான். எங்களுக்கென்ன, இஞ்ச ரெண்டே ரெண்டு காலம். மழை பெய்யிற காலம், மழை எப்ப பெய்யும் எண்டு வானத்தைப் பாக்கிற காலம். ரெண்டுக்கும் ஒரே உடுப்பு. மாரியில காயாது, கோடையில காயும், அதுதான் வித்தியாசம்.

அங்க நாலு காலமாம். என்ர தம்பி திலீபன் கனடாவில இருக்கிறான் எண்டு தெரியும்தானே? அவன்ர மனுசி கௌசலா, காலம் மாற மாற அலுமாரியை மாத்திறவாவாம். குளிர் வரப்போகுதெண்டால் மெல்லிசுகளை மடிச்சு மேல ஏத்திப்போட்டுத் தடிச்சதுகளைக் கீழ இறக்கிறது. குளிர் முடிய அதை அப்பிடியே மறுவளமாச் செய்யிறது. வேண்டாமெண்டு கழிக்கிறதெல்லாம் பெட்டிக்க. பெட்டி கப்பலில ஏறும், கொழும்பில இறங்கும், லொறியில கிளிநொச்சிக்கு வரும், பிறகு இவர் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினைக் கொண்டுபோய் ஏத்திவருவார். வருசத்தில ரெண்டு பெட்டி. அங்க காலம் மாற, இஞ்ச எங்கட அலுமாரி பிதுங்கும். அப்பிடியெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்... அது வேற கதை, வாறன்.

இந்த அலுமாரி ஏன் செய்விச்சனாங்கள்? எங்கட உடுப்பு வைக்க. இப்ப என்ர சீலையெல்லாம் கட்டிலுக்குக் கீழ சூட்கேசில. இவற்ற வேட்டி, சாரம், சேட் எல்லாம் உரப்பையில. சிரிக்காதேங்கோ, கழுவின உரப்பைதான். ஆனா யூரியா மணம் போகேல்ல. போன வருசம் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அந்த வேட்டியோடதான் வந்தவர். அந்தச் சன நெரிசலிலயும் எங்களைச் சுத்தி நல்ல இடம் இருந்தது. அம்மாளை வடிவாக் கும்பிட்டம். அதில குறை சொல்ல ஏலாது.

ஆருக்கும் குடுக்கலாமே எண்டு கேக்கிறியள். எல்லாரும் அதைத்தான் கேக்கினம். ஆருக்குக் குடுக்கிறது? இந்த றோட்டில எந்த வீட்டில ஒராள் வெளிநாட்டில இல்லை? போன மாசம் ஏரம்பு அண்ணை வீட்டுக்கு ஒண்டைக் கொண்டு போனன். அவர் உள்ளுக்க கூட்டிக்கொண்டு போய்த் தன்ர அலுமாரியைத் திறந்து காட்டினார். நான் கொண்டுபோனதையும் தூக்கி, அவர் தந்த ரெண்டையும் தூக்கிக்கொண்டு வந்தனான். அதுதான் உந்த மண்ணிறம்.

வெருளிக்குப் போட்டுப் பாத்தம். ஒரு சிவப்புக் கோட்டு, நல்ல பளபளப்பு, வயலுக்க நட்டார் இவர். மயில் ரெண்டு நாள் வரேல்ல. மூண்டாம் நாள் தோளில ஏறி இருந்தது. அதைவிடப் பெரிய கதை, ஏரம்பு அண்ணை. அவருக்குக் கண் வடிவாத் தெரியாதுதானே, திலீபன் வந்து நிக்கிறான் எண்டு நினைச்சு, வரம்பில நிண்டு, 'எப்ப வந்தனீர்? எத்தினை நாள் லீவு?' எண்டு கேட்டிருக்கிறார். மறுமொழி இல்லை. காசு வந்தவுடன பெருமை வந்திட்டுது எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சார். ரெண்டு மாசம் எங்களோட கதைக்கேல்ல.

பிறகு பின்வீட்டுச் சிவலட்சுமி. அவாவின்ர தாய்ப்பக்கம் ஹட்டன் தேயிலைத் தோட்டம்தானே, அங்க குளிர்தானே எண்டு பத்தைக் குடுத்துவிட்டன். நல்லதுதான் செய்தன் எண்டு நினைச்சு அண்டைக்கு நிம்மதியாச் சாப்பிட்டன். சித்திரை வருசத்துக்கு அங்க போயிட்டு வந்தவா, எட்டைத் திருப்பிக் கொண்டு வந்திட்டா. 'இவ்ளோ தடிப்பாப் போட்டுக்கிட்டுக் கொழுந்து எடுக்க ஏலாதுக்கா, கை மடங்க மாட்டேங்குது' எண்டவாவாம் அவாவின்ர அக்கா. உண்மைதானே. நான் போட்டுப் பாத்தனான், கை மடங்காது.

எறி எண்டு இவர் சொல்லுறார். எரி எண்டும் சொன்னவர் ஒருக்கா. எனக்குக் கை வராது அண்ணை. உங்களுக்குத் தெரியும், நீங்களும் சண்டை முடிய முகாமில இருந்தனீங்கள்தானே. மூண்டு மாசம் எனக்கு ஒரே சட்டை. தோய்ச்சுப்போட்டுக் காயுமட்டும் தறப்பாள் கூடாரத்துக்க குந்தியிருக்கிறது. அதுக்குப் பிறகு ஒரு துண்டுத் துணியை எறியிறதெண்டாலும்... சரி, அதை விடுங்கோ. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. சீனி குறைச்சுத்தான் போட்டனான்.

இப்ப முக்கியமான கதைக்கு வாறன். போன ஞாயிறு திலீபன்ர மகள் தேனுகா போன் எடுத்தவள். பதின்மூண்டு வயசு. தமிழ் உடைச்சு உடைச்சுக் கதைப்பாள், ஆனா கதைப்பாள். 'மாமி, அலுமாரி அடுக்கிறது எப்பிடியெண்டு நான் காட்டித்தாறன், போனை அங்கால நிமித்தி வையுங்கோ' எண்டாள். பள்ளிக்கூடத்தில படிப்பிச்சதோ, போனில பாத்ததோ தெரியாது. எல்லாத்தையும் வெளியில எடுக்கவேணுமாம். எடுத்தன். மூண்டு குவியல் போடவேணுமாம். வைச்சிருக்கிறது, குடுக்கிறது, கழிக்கிறது. 'ஒரு வருசமாப் போடாததைக் குடுக்கிற பக்கம் போடுங்கோ மாமி.' ஒவ்வொண்டாப் போட்டன். ஒரே குவியல்தான் வந்தது. முகட்டைத் தொடப் பாத்தது.

பிறகு, 'மாமி, அந்தக் கறுப்பில விலை மட்டை தொங்குது' எண்டாள். ஓமடி, கன கோட்டில தொங்கும், நான் வெட்டிறனான் எண்டன். நான் என்ன நினைச்சனான் எண்டால், வசதியான சனம், உடுக்காமலே கழிக்கிறதாக்கும் எண்டு. அவள் சொல்லுறாள், 'அது அம்மா வாங்கினது மாமி. எல்லாம் அம்மா உங்களுக்கெண்டு வாங்கிறது. எங்கட வீட்டில ஆளுக்கு ஒரு கோட்டுத்தான். அப்பா ஒம்பது வருசமா ஒரே கோட்டு.'

நான் கட்டிலில இருந்திட்டன் அண்ணை. கட்டிலில எங்க, கோட்டுக் குவியலுக்கு மேல.

முதல் ரெண்டு மூண்டு பெட்டிதான் அவையள் உடுத்ததாம். பிறகு கழிக்க அவையளிட்ட ஒண்டும் இல்லையாம். அக்காவுக்குப் பெட்டி போகாம விடக்கூடாதெண்டு, குளிர் முடிய கடையளில சேல் போடேக்க கௌசலா போய் வாங்கிறவாவாம். அவா வயசுபோன ஆக்களைப் பாக்கிற இடத்தில வேலை. நாள் முழுக்க நிண்ட நிலை. முழங்கால் வீங்கி இருக்காம். லீவு கிடைக்கிற ஒரு நாளில போய் எனக்குக் கோட்டு வாங்க வரிசையில நிக்கிறா! 'வேண்டாமெண்டு சொல்லுங்கோ மாமி, அம்மாக்குக் கால் நோகுது' எண்டு அந்தப் பிள்ளை சொல்லுது. அலுமாரி அடுக்கக் காட்டித்தாறன் எண்டு வந்ததே இதைச் சொல்லத்தான் போல.

ஆரின்ர பிழை எண்டு கேட்டால்... இவருக்கும் தெரியாது இந்தக் கதை, நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ.

நாங்கள் முகாமால வந்து மீள்குடியேறின புதுசு, அப்பதான் முதல் பெட்டி வந்தது. தம்பி கனடா போய் ரெண்டு வருசமாகேல்ல. நான்தான் கேட்டனான், உடுப்பு ஒண்டும் இல்லை, ஏதும் அனுப்படா எண்டு. உள்ளுக்க ஒரே ஒரு கோட்டு. அவன் போட்டிருந்ததைக் கழட்டி அனுப்பினவன் எண்டு கன காலத்துக்குப் பிறகு கௌசலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மார்கழி நாங்கள் தறப்பாள் கொட்டிலுக்க. வாடைக் காத்தும் மழையும். நானும் இவரும் அந்த ஒரு கோட்டைப் போத்துக்கொண்டு படுத்தனாங்கள். உண்மையாவே குளிர் அண்ணை. 'நீ அனுப்பினதாலதான்ரா உயிரோட இருக்கிறம்' எண்டு போனில சொன்னன். அந்த வருசம் அது பொய்யில்ல.

அடுத்த வருசம் வீடு கட்டியாச்சு, ஓடும் போட்டாச்சு. பெட்டி வந்தது. 'அக்கா, குளிருக்கு உதவினதே?' எண்டு கேட்டான். இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்ல. உதவினது எண்டன். அதோட நிப்பாட்டியிருக்கலாம். 'இந்த முறை போன முறையை விடக் குளிர்' எண்டும் சொன்னன். பிறகு ஒரு படம் எடுத்தும் அனுப்பினன். பங்குனி வெயில், கிணத்தடியில, கழுத்துமட்டும் பூட்டின கோட்டோட நிக்கிறன், வேர்வை வழியுது. கௌசலா அதைப் பெருசாக்கிச் சுவரில மாட்டியிருக்கிறா. வேர்வையை மழை எண்டு நினைச்சவாவாம்.

பதினஞ்சு வருசமா நான் சொன்ன குளிர்தான் உந்த அலுமாரிக்குள்ள கிடக்குது. கடைசிச் சண்டை நேரம் அங்க இருந்துகொண்டு தன்னால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்செண்டு தம்பிக்கு மனசுக்க கிடக்கு. நித்திரை வாறேல்லையாம். பெட்டி கட்டி அனுப்பின கிழமை மட்டும் நல்லாப் படுக்கிறவராம் எண்டு கௌசலா ஒருக்காச் சொன்னவா. அதைக் கேட்டாப் பிறகு நான் எப்பிடி வாயைத் திறக்கிறது?

ஆனா இண்டைக்குச் சொல்லப்போறன். முடிவெடுத்திட்டன். விடியக்காலமை வயலுக்குப் போகேக்க இவரும், 'பின்னேரம் நான் வாறதுக்கிடையில நீ சொல்லாட்டி, நானே எடுத்துச் சொல்லுவன்' எண்டிட்டுத்தான் போனவர். அவர் சொன்னால் முதல் சொல்லே 'குப்பை' எண்டுதான் வரும். அதைவிட நான் சொல்லுறது நல்லம். வசனமெல்லாம் யோசிச்சு வைச்சிருக்கிறன். கேளுங்கோ. 'கௌசலா, நீங்கள் இவ்வளவு காலமும் செய்தது காணும். இஞ்ச எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இனி உடுப்பு அனுப்பவேண்டாம். உங்கட முழங்காலைப் பாருங்கோ.' எப்பிடி? குத்துதே? 'காணும்' எண்டது, போதும் நிப்பாட்டு எண்டு கோவிச்சுச் சொன்ன மாதிரி இருக்கோ? இல்லைத்தானே.

நீங்கள் அளவை எடுங்கோ. புதுக் கதவோ, பழசைத் திருத்திறதோ, அதைப் பிறகு பாப்பம். நான் சொல்லி முடிச்சிட்டன் எண்டால் உதுகள் எல்லாத்தையும் கட்டி...

பொறுங்கோ, போன் அடிக்குது. ஆர்... கௌசலாதான்! சரி. நல்லதாப் போச்சு. நில்லுங்கோ அண்ணை, போயிடாதேங்கோ. நீங்கள் முன்னால நிண்டால் எனக்கு நா புரளாது.

ஹலோ... ஓம் கௌசலா. முகம் தெரியுது, தெரியுது. நீங்கள் எங்க நிக்கிறீங்கள், பின்னால உவ்வளவு சனம்?... ஆ, கடையில, இந்த ராவில. இருங்கோ, உங்களிட்ட ஒரு கதை கதைக்கவேணும் எண்டு நானே எடுக்க இருந்தனான். என்னெண்டால்... என்ன? தம்பியும் வந்து நிக்கிறானோ? வேலைக்குப் போகேல்லையோ?... குடுங்கோ.

எடேய். சாப்பிட்டியே?... ஏன்ரா கண் உப்பிடி இடிஞ்சு கிடக்கு? நித்திரை இல்லையே?... ம்... ம்... இல்லையடா, வீடு ஒழுகேல்ல. போன மாரிக்கும் ஒழுகேல்ல... ஓம்... ஓம், குளிர் இருந்தது. மார்கழியில கொஞ்சம் கூடத்தான்... ஓமடா, அத்தானும் போட்டவர்...

கடைசி ரெண்டு கோட்டோ? தூக்கிக் காட்டு பாப்பம்... வெளிச்சத்துக்குப் பிடி... மற்றதையும் காட்டு...

நீலம்.

ஓம், நீலத்தையே எடு. வைக்கிறன்ரா. கௌசலாவை ஒரு இடத்தில இருக்கச் சொல்லு.

...என்ன அண்ணை அப்பிடிப் பாக்கிறியள்? ரெண்டு கையிலயும் ரெண்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். என்னை என்ன சொல்லச் சொல்லுறியள்?

பச்சை எனக்குச் சரிவராது.