மூணு கோடு

"பயந்தாங்கொள்ளின்னு எழுதிட்டா, ஆட்டம் முடியற வரைக்கும் பயந்துகிட்டே கெடக்கணுமாடி?"

அரியலூர் பஸ்ஸில் என்னோடு நின்று வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடும் விளையாட்டுக்கு நோட்டில் விதி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லடி. துணிஞ்சு பேசுற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. மூணு கோடு விழுந்தா அந்தக் குணத்த அடிச்சிடலாம்."

"எனக்கு ஒண்ணுகூட விழாது," என்றாள் முதலில் கேட்டவள்.

பேரளி ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். லேடீஸ் சீட்டில் இருந்த வெள்ளைச்சட்டைக்காரர் அப்போதுதான் தூங்க ஆரம்பித்தார். சுற்றி இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள், நானும்தான்.

"சார், லேடீஸ் சீட்டு. எந்திரிங்க." ஒண்ணுகூட விழாது என்றவள்தான். அவர் எழுந்துவிட்டார்.

தோழி நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

"ஏய், இது ஆட்டத்துல சேராதுடி."

"அப்படின்னு விதி எழுதலையே."