பஸ் நின்ற நாள்

தாம்பரத்தில் அந்தப் புது நிழற்குடை காலியாக இருந்தது. பஸ் எப்போதும் அதைத் தாண்டித்தான் நிற்கும் என்பதால், நாங்கள் எல்லோரும் சற்றுத் தள்ளி வெயிலில் நின்றோம்.

“வெளிநாட்டுக்காரன் வந்தாதான் பஸ்ஸு ஸ்டாப்புல நிக்கும்,” என்றார் ஹவுஸ்கீப்பிங் சீருடையில் இருந்த ஓர் அம்மா.

“ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?” கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்ட இளைஞர் கேட்டார்.

“நேத்து இந்தக் குடையப் பாக்க வெளிநாட்டு ஆபீசருங்க வந்தாங்க. பஸ்ஸு கரெக்டா குடைக்கு நேரா நின்னிச்சி. நாங்க வழக்கம்போல இங்க நின்னுகினு இருந்தோம். ஓடறதுக்குள்ள எடுத்துட்டான். காலி பஸ்ஸு!”

“அது ஒவ்வொரு நாடும் இன்னொரு நாட்டைப் பாத்துக் கத்துக்கிற ப்ரோக்ராம்க்கா. நல்லதுதானே?”

“இன்னாத்தக் கத்துகினு போனான்? காலி பஸ்ஸப் பாத்துக் கை தட்னானுங்க. லேட்டுன்னு சூப்பர்வைசர் என்னிய வூட்டுக்கே அனுப்பிட்டான். அவனாண்ட போய்ச் சொல்லு, உன் ப்ரோக்ராம!”

பஸ் வந்தது. நிழற்குடையைத் தாண்டி, எங்களையும் தாண்டிப் போய் நின்றது. எல்லோரும் ஓடினோம். படியில் தொற்றிக்கொண்டே அந்த அம்மா டிரைவரைப் பார்த்துக் கத்தினார்:

“இன்னாய்யா, இன்னிக்கு எவனும் பாக்க வரலையா?”