பெரிய வெருகு இல்லை என்று எழுதியவர்

புனுகு வாசனை என்று சொல்கிறவர்கள் யாரும் வெருகுக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே அது வெறும் நாற்றம்தான். சந்தனத்தோடு குழைத்துச் சாமிக்குச் சாத்தும்போதுதான் வாசனை ஆகிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த நாற்றத்தோடுதான் சோறு தின்றோம்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நான் எட்டாவது வரை தமிழில் படித்தவன். உங்கள் ரைட்டர் மலையாளத்தில் எழுதி வாசித்துக் காட்டி நான் கையெழுத்துப் போடுவதைவிட, என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். சம்மதித்தீர்கள். நான் சொன்னதை இன்னொருவர் எழுதி அது வேறாகிப் போனது ஏற்கெனவே ஒரு தடவை நடந்துவிட்டது. இந்த வழக்கே அதில் ஆரம்பித்ததுதான்.

என் பெயர் காளிச்சாமி. வயது ஐம்பத்து நான்கு. மாநில எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஆறு ஏக்கர் பூமி இருக்கிறது. கடலையும் சோளமும் போடுகிறேன். வாலிபத்தில் காட்டில் யானை பிடிக்கக் குழி வெட்டும் வேலைக்கும் போயிருக்கிறேன். அதற்கெல்லாம் மேலாக, நான் வெருகு வளர்க்கிறவன். புனுகுப் பூனை என்று நீங்கள் சொல்வதைத்தான் நாங்கள் வெருகு என்கிறோம்.

வெருகில் இரண்டு உண்டு. சின்னதை எவனும் பிடித்துவிடுவான். பெரிய வெருகு அப்படியல்ல. அதற்குத் தோளிலிருந்து வால் வரை முதுகில் கறுப்பு மயிர் வரிசையாக நிற்கும். என் அப்பன் அப்படி இரண்டு வைத்திருந்தார். கூண்டின் நடுவில் ஒரு மூங்கில் குச்சி நட்டிருப்போம். வெருகு அதில் உடம்பைத் தேய்த்துப் புனுகை அப்பும். பத்து நாளுக்கு ஒருமுறை அதைச் சுரண்டி எடுப்போம். சின்ன வெருகு ஒரு சாண் உயரத்தில் அப்பும். பெரியது ஒரு முழ உயரத்தில் அப்பும். வளர்க்கிறவனுக்கு வெருகைப் பார்க்கவே வேண்டாம், குச்சியைப் பார்த்தாலே போதும். அதனால் காட்டிலும் அங்கங்கே குச்சி நட்டு வைப்பது எங்கள் வழக்கம். பூமிக்கு மேலே இருக்கிற காட்டில் என் குச்சிகளில் முழ உயரத்தில் புனுகு இருந்தது. முப்பது வருஷமாக இருந்தது.

பேராசிரியர் ஆறுமுகசாமி எழுபத்தைந்தாம் வருஷம் வந்தார். சின்னக்கானல் எஸ்டேட் கூலிக்காரர் லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளுகிற தாய் படிக்க வைத்துக் காலேஜில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்தவர். பெரிய வெருகு இன்னும் இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல அவரை அனுப்பியிருந்தார்கள். பதினாறு நாள் தேடினார். என் வீட்டில்தான் சாப்பிட்டார். அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. கடைசி நாளில் காட்டிலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். முழ உயரத்தில் புதுப் புனுகு. அவர் முகர்ந்து பார்த்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கூண்டுல இருக்கத எடுத்து இதுல தடவ எம்புட்டு நேரம் ஆவும்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. பத்திரிகையிலும் போட்டார்கள். பெரிய வெருகு இந்த மலைகளில் இல்லை, அழிந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று இருந்தது. கோபாலபுரம் பக்கத்து வெருகு வளர்ப்பவர் ஒருவர் காட்டிய தடயம் கையால் பூசப்பட்டது என்றும் ஒரு வரி இருந்தது. என் பெயர் இல்லை. ஆனால் கோபாலபுரம் பக்கத்தில் வெருகு வளர்க்கிறவன் நான் ஒருவன்தான்.

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் முருகனுக்குப் புனுகு சாத்துவது எங்கள் குடும்பத்து உரிமை. அந்தத் தை மாதம் தர்மகர்த்தா அப்புசாமி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஏனுங்க காளிச்சாமி, இந்த வருசம் உங்க புனுகு வேண்டாமுங்க. சாமி காரியம் பாருங்க. போலின்னு பேப்பர்லயே போட்டுட்டானுங்க."

என் பாட்டன் காலத்தில் பஞ்சத்தில்கூட நிற்காத காரியம் ஒரே வரியில் நின்றுபோனது. சந்தையில் பையன்கள் என்னைப் பார்த்து மூங்கில் குச்சியை ஆட்டினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. வந்தது என்று எழுதுவது சரியில்லை. வந்தது போகவே இல்லை. காலையில் பல் விளக்கும்போது இருந்தது, ஏர் ஓட்டும்போது இருந்தது, இதை எழுதுகிற இப்போதும் இருக்கிறது. ஒரு மனிதர் பதினாறு நாள் தேடுகிறார். அவர் கண்ணில் படவில்லை. அதனால் அது உலகத்திலேயே இல்லை. இதில் எந்தப் பகுதி படிப்பு, எந்தப் பகுதி திமிர் என்று நான் இரண்டு வருஷம் யோசித்தேன்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அது நியாயமான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவரும் கொஞ்சநாள் இல்லாமல் போக வேண்டும். அரசாங்கம் அவரைத் தேட வேண்டும். தேடிக் கிடைக்காமல், ஆள் இல்லை என்று பேப்பரில் போட வேண்டும். அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு கூட்டிக்கொண்டு வந்து ஊர் நடுவில் நிறுத்த வேண்டும். இல்லை என்று எழுதினீர்களே, இதோ இருக்கிறாரே என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். கொலை அதில் இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

போன ஐப்பசியில் அவருக்குக் கடிதம் எழுதினேன். பெரிய வெருகு குட்டி போட்டிருக்கிறது, இடம் காட்டுகிறேன் என்று எழுதினேன். அவர் வந்தார். காலேஜில் யாரிடமும் சொல்லாமல் வந்தார். சொன்னால் சிரிப்பார்கள் என்று பயமாம். சிரிப்பு என்றால் என்ன என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

நாச்சம்மாள், என் வீட்டுக்காரி, அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அந்தக் குச்சிய நான் நம்பலதான் அண்ணாச்சி. ஆனா அத நெனச்சா ஒறக்கம் வர மாட்டேங்கு."

நீங்கள் நினைப்பது தெரிகிறது. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அவர் என்னை நம்பாததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. தன் தூக்கத்தைப் பற்றித்தான் பேசினார்.

மேல்காட்டில் ஒரு பழைய யானைக்குழி இருக்கிறது. நான் வாலிபத்தில் வெட்டியவற்றில் ஒன்று. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். யானை பிடிப்பதை நிறுத்திய பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. மூன்று நாள் வேலை செய்து, ஓரத்தில் மூங்கில் நட்டு, அதன் வாயை மூங்கில் பத்தையாலும் இலையாலும் மண்ணாலும் மூடி வைத்திருந்தேன். விழுகிற யானைக்கு அடிபடக் கூடாது என்று குழிக்குள் தழை போடுவது முறை. அதையும் போட்டிருந்தேன். குச்சி அதோ தெரிகிறது என்று கையை நீட்டினேன். அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். குழிக்குள் விழுந்ததில் இடது கணுக்கால் மட்டும் பிசகியது.

மேலே நின்று அவருக்கு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். "பயப்படாதீங்க சார். உங்களத் தேடி முடிச்சாங்கன்னா நானே தூக்கி உட்டர்றனுங்க" என்றேன். அவர் முதலில் திட்டினார். பிறகு கும்பிட்டார். நான் தூக்குப்போசியில் சோறும் தண்ணீரும் கயிற்றில் இறக்கினேன்.

மூன்றாம் நாள், அவர் அறையில் கிடைத்த என் கடிதத்தோடு உங்கள் ஆட்கள் வந்தார்கள். வந்தார், சாப்பிட்டார், காந்தலூர்ப் பக்கம் வெருகைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களென்று உடுமலை பஸ் ஏறிவிட்டார் என்றேன். காந்தலூர் இருக்கிற இடுக்கி அவர் பிறந்த ஜில்லா என்பதால் உடனே ஒத்துக்கொண்டீர்கள். அறுபது பேர் காந்தலூர் மலையைச் சலித்தார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, ஐயா. முப்பது வருஷம் உண்மையைச் சொன்னேன், ஒருவனும் நம்பவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னேன், அறுபது பேர் மலை ஏறினார்கள்.

அவருடைய தாய் மூக்கம்மாள் சின்னக்கானலிலிருந்து பஸ் மாறி மாறி என் வீட்டுக்கு வந்தார். கொழுந்து கிள்ளிக் கறை ஏறிய விரல்கள். வாசலிலேயே நின்றார்.

"ஐயா, எம்புள்ள பஸ்ஸுல ஏறும்போது சாப்ட்டிருந்தானா?"

"சாப்ட்டுத்தானுங்க போனாரு. கோழிக் கொழம்பு" என்றேன்.

"வெறும் வயித்தோட போவல" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். நாச்சம்மாள் மோர் கொடுத்தாள். அதை முழுவதும் குடித்துவிட்டு, சொம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் நான் அவருடைய மகனுக்குச் சோறு கொண்டுபோனேன். தாய் வந்ததைச் சொல்லவில்லை. வீணாக மனம் கஷ்டப்படுவார் என்று நினைத்தேன்.

நாச்சம்மாள் ஒரு நாள் கேட்டாள்: "தெனமும் ரெண்டு போசி சோறு கொண்டுட்டுப் போறீங்களே, ஆருக்குங்க?" மூங்கில் வெட்டுகிறவர்களுக்கு என்றேன். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. அவளை விசாரிக்க வேண்டாம்.

ஒன்பது நாள் தேடிவிட்டு நிறுத்தினார்கள். பத்தாம் நாள் பேப்பரில் வந்தது. பேராசிரியர் ஆறுமுகசாமி உயிரோடு இருக்க வாய்ப்பில்லை, யானை அடித்திருக்கலாம், தேடுதல் முடிந்தது என்று. அந்தப் பேப்பரைக் கொண்டுபோய்க் குழி ஓரத்தில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக வாசித்தேன். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் மனம் குளிர்ந்தது. மறுநாள் ஏணி கொண்டுவந்து அவரை மேலே ஏற்றுவதாக இருந்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தேன்.

அவர் பேப்பரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தில் அழுக்கும் தாடியும் போக ஒரு சந்தோஷம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் அதப் பாத்துட்டேன்" என்றார். "விடியுத நேரம். இந்தா, நீரு உக்காந்திருக்க எடத்துல வந்து நின்னுச்சு. முதுகு மசிரு குத்திட்டு நின்னுச்சு. பொறவு அந்த மூங்கில்ல ஒடம்பத் தேச்சுது. தேய்க்கும்போது மசிரு வால் பக்கமிருந்து கழுத்துப் பக்கமா ஒவ்வொண்ணா அடங்குச்சு. நீரு சொன்னது நெசந்தான் அண்ணாச்சி."

நான் பேப்பரை மடித்து இடுப்பில் செருகினேன்.

"என்னத் தூக்கி விடும். நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கால் பெசகி விழுந்துட்டேம்பேன். பெரிய வெருகு இருக்குன்னு நான் எழுதுதேன். நானே கண்ணால பாத்தேன்னு எழுதுதேன். நான் சொன்னா எவனும் மறுக்க மாட்டான்."

அதைத்தான் சொன்னார், ஐயா. நான் சொன்னால் எவனும் மறுக்கமாட்டான் என்று. பத்துப் பன்னிரண்டு நாள் என் சோற்றைத் தின்று, என் குழிக்குள் கிடந்து, என் காட்டில் என் வெருகை ஒரு தடவை பார்த்தார். அன்றிலிருந்து அது உலகத்தில் இருக்கப் போகிறது. நான் பார்த்த முப்பது வருஷமும் அது இல்லாமலேயே இருந்திருக்கிறது. பேப்பரில் அவர் படம் வரும். கண்டுபிடித்தவர் என்று மாலை போடுவார்கள். அப்புசாமி என் வீட்டுக்கு வந்து, பேராசிரியரே சொல்லிவிட்டார், இனி உங்கள் புனுகு ஆகும் என்பார். அவர் சொன்னதால் நான் யோக்கியன் ஆவேன்.

உயிருக்குப் பயந்தவன் என்ன வேண்டுமானாலும் சொல்வான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பொய், மேலே வருவதற்காகச் சொல்கிற பொய் என்று சொல்லிக்கொண்டேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெகுதூரம் கேட்டது.

ஏழு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. கடலை பிடுங்குகிற காலம், வேலை இருந்தது. எட்டாம் நாள் போனபோது குழிக்குள் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் மழை பெய்து குழியின் ஓரம் சேறாக இருந்தது. அந்தச் சேற்றில் சுற்றிச் சுற்றி வெருகின் தடம் இருந்தது. குழியை மூட நான் நட்ட மூங்கிலில், முழ உயரத்தில், புதுப் புனுகு இருந்தது. எந்த ஆபீசரும் ஒத்துக்கொள்கிற தடயம். நான் வாழ்நாளெல்லாம் கேட்ட தடயம். அதைப் பார்க்க யார் வந்தாலும் குழிக்குள்ளும் பார்ப்பார்கள். துண்டால் புனுகைத் துடைத்தேன். ஒரு தழையை ஒடித்துத் தடத்தை எல்லாம் அழித்தேன். ஒன்றுகூட விடவில்லை. பழகின கை என்பதால் சுத்தமாக வந்தது. அதனால்தான் மூங்கில் வெட்டுகிறவர்கள் எலும்பைக் கண்டுபிடித்தபோது உங்களுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அவர் பொய் சொல்கிறார் என்று நம்பித்தானே விட்டுவிட்டுப் போனாய் என்று நேற்றுக் கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அப்படி எழுதினால் தண்டனை குறையலாம் என்று சொன்னீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் என்னைப் பொய்யன் என்று எழுதியவர்மீதுதான் எனக்குக் கோபம். நானே இப்போது ஒரு பொய்யை எழுதிக் கொடுக்க முடியாது.

தேய்க்கும்போது முதுகு மயிர் வாலிலிருந்து கழுத்தை நோக்கி அடங்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரிய வெருகைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே, உண்மைதான் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கயிற்றைச் சுருட்டினேன்.