உப்புப் போட்ட ஐஸ்

ஐஸ் உடைப்பதில் அவசரம் கூடாது, டாக்டர். ஓங்கி அடித்தால் தூளாகிப் போகும். பாலக்கரை ஐஸ் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. அதனால்தான் என் மனைவி ஜோதியின் ஊசி மருந்தை மருந்துக்கடையில் வாங்கி, தென்னூரில் உங்கள் கிளினிக் வரை கொண்டுவருவதை நர்ஸம்மா என்னிடமே விட்டார்.

"ஐஸ்காரருக்கு நான் சொல்லித் தரணுமா? ஜில்லுனு இருக்கணும், உறைஞ்சிடக் கூடாதுங்க. உறைஞ்சா மருந்து வீணாயிடும்" என்றார்.

ஜோதி சித்தாள். ஸ்ரீரங்கத்தில் மாடி மாடியாகக் கலவைச் சட்டி சுமந்தே முட்டி தேய்ந்தது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாள். அந்த மாதங்களில் எங்களுக்குள் சண்டையே இல்லை. நான்தான் தண்ணீர் பிடிப்பேன், காலுக்குத் தைலம் தேய்ப்பேன்.

தேய்மானத்தை மட்டுப்படுத்தப் புதிதாகப் புரத ஊசி வந்திருப்பதாகச் சொன்னவன், அவளோடு வேலை பார்த்த கொத்தனார் நவநீதன். முதல் ஊசி போட்ட பிறகு அவளைப் பார்க்க வந்தான்.

"நீ இல்லாம கலவையே சேர மாட்டேங்குதுக்கா. எப்ப வர்ற?"

"வர்றேன்டா. மொத சட்டிய உன் மண்டையிலதான் கவுப்பேன்."

அப்படியொரு சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவன் அக்கா என்றுதான் கூப்பிட்டான். அது என் காதிலும் விழுந்தது. மறுநாள் சுவரைப் பிடிக்காமல் தெருமுனை வரை நடந்துபோய் எனக்குப் பஜ்ஜி வாங்கி வந்தாள். நான் சாப்பிடவில்லை.

மருந்து டப்பாவில் கல்லுப்பு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். உப்புப் போட்டால் ஐஸில் குளிர் ஏறும். அடுத்த குப்பியை ஐஸ் தூளில் புதைத்து, மேலே உப்பை அள்ளிப் போட்டேன். மருந்து கல்லாக உறைந்தது. உருகவிட்டு, குப்பியைத் துடைத்து, அதே டப்பாவில் வெறும் ஐஸ் மாற்றிவைத்து உங்கள் கையில் கொடுத்தேன். அதற்கடுத்ததும் அப்படித்தான். ஊசி முட்டிக்குள் இறங்கும்போது ஜோதி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நானும் விடமாட்டேன்.

இப்போது கக்கூஸுக்குக்கூட என் தோளைப் பிடித்துத்தான் வருகிறாள். "நீங்க இல்லாட்டி என் கதி என்னங்க" என்று அழுதாள். மருந்து கேட்கவில்லையென்று உங்களைத்தான் திட்டினாள். நான்தான் உங்களுக்குப் பரிந்து பேசினேன்.

இன்னொரு ஊசி எழுதுவதானால் எழுதுங்கள். கொண்டுவர வேறு ஆள் பார்க்க வேண்டாம். ஜோதி விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை.